மூன்று வருஷம் மௌனம், கூட்டம் கலையவில்லை!

2024-ம் வருஷம் நவம்பர் 12-ந்தேதி. சீனாவில் செல்போனும் கையுமாக இருந்தவர்களிடையே அன்று ஒரே பேச்சு.

"லீ ஜிச்சி திரும்பி வந்துவிட்டார்!"

யார் இந்த லீ ஜிச்சி? சினிமா நடிகையா? இல்லை. பாட்டுக்காரியா? அதுவும் இல்லை. ஒரு கிராமத்துப் பெண். சீனாவின் தென்மேற்கே சிச்சுவான் என்று ஒரு மாகாணம் இருக்கிறது. அங்கே மியான்யாங் என்ற நகரத்தின் பக்கம், மலையடிவாரத்தில் அவர் வீடு. கூட இருப்பவர் வயதான பாட்டி.

அவர் செய்வது என்ன? விதை போடுவார். செடி முளைக்கும். காய் காய்க்கும். அதைப் பறித்துச் சமைப்பார். பாட்டிக்குக் கொடுத்துத் தானும் சாப்பிடுவார். இவ்வளவுதான். இதைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போடுவார். படத்தில் பேச்சு அதிகம் இருக்காது. குருவிச் சத்தம், தண்ணீர்ச் சத்தம், கத்தி நறுக்குகிற சத்தம். இதைப் பார்க்க உலகம் முழுவதும் கூட்டம்!

2021-ம் வருஷத் தொடக்கத்தில் அவருடைய யூடியூப் சேனலுக்கு 1 கோடியே 41 லட்சம் சந்தாதாரர்கள். சீன மொழிச் சேனல்களில் இதுதான் அதிகம் என்று கின்னஸ் புத்தகத்தார் பதிவு செய்தார்கள்.

அதே வருஷம் ஜூலை மாதம் ஒரு படம் போட்டார். பிறகு எதுவும் இல்லை. ஒரு வாரம் இரண்டு வாரம் அல்ல. 3 வருஷம் 4 மாதம்!

அந்தக் கூட்டம் கலைந்திருக்க வேண்டும் அல்லவா? கலையவில்லை. சந்தாதாரர் எண்ணிக்கை குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போயிற்று. அவர் திரும்பி வந்தபோது சுமார் 2 கோடிப் பேர் காத்திருந்தார்கள். பாட்டியின் அலமாரி ஒன்றுக்குப் பழைய சீன முறைப்படி மரப்பாலைக் கொண்டு மெருகேற்றும் வேலையைத்தான் முதல் படமாகப் போட்டார். அதே வீடு. அதே பாட்டி. அதே அமைதி. முன்பு இருந்தபடியே எல்லாம் இருந்தது.

இந்தச் செய்தி நம்முடைய வீடுகளுக்கும் வேண்டியதுதான். ஏன் என்கிறீர்களா? இன்று தெருவுக்கு ஒரு வீட்டில் மகனோ, மகளோ, மருமகளோ சேனல் வைத்திருக்கிறார்கள். சமையல், கோலம், தையல், பாடம் என்று ஏதோ ஒன்று. "தினமும் ஒன்று போட வேண்டும். ஒரு நாள் விட்டால் பெயர் போய்விடும்" என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதனால் வீட்டில் சண்டை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தும் படம். ஆஸ்பத்திரிப் படுக்கையிலும் படம்.

விடாமல் செய்தால்தான் பெயர் நிற்கும் என்பது உண்மை. ஆனால் எதை விடாமல் செய்வது? இதில்தான் குழப்பம்.

4 ஆயிரம் மணி நேரம்

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். பலருக்கும் அவசரம் பிறப்பது இதிலிருந்துதான்.

யூடியூப்பில் படத்தோடு விளம்பரம் வருகிறது. முழு நீளப் படமாக இருந்தால், அந்த விளம்பர வருமானத்தில் 100 ரூபாய்க்கு 55 ரூபாய் படம் போட்டவருக்கு. 45 ரூபாய் கம்பெனிக்கு. ஆனால் படம் போட்ட எல்லாருக்கும் இந்தப் பங்கு கிடையாது. 2018-ல் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது. ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். அத்துடன் முந்திய 12 மாதத்துக்குள் மொத்தம் 4 ஆயிரம் மணி நேரம் அந்தப் படங்களை ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும்.

4 ஆயிரம் மணி என்றால் எவ்வளவு? ஒருவர் ஒரு படத்தை 4 நிமிஷம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 பேர் பார்த்தால் ஒரு மணி நேரம். 60 ஆயிரம் தடவை பார்த்தால் 4 ஆயிரம் மணி நேரம்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. போன வருஷம் இதே நாளில் சேர்ந்த மணி நேரம், இன்று கணக்கிலிருந்து கழிந்துவிடும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. மேலே ஊற்ற ஊற்றக் கீழே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் புதிதாகத் தொடங்கியவர்கள் தலைதெறிக்க ஓடுகிறார்கள்.

ஆனால் "தினமும் போடு" என்று கம்பெனி எங்கேயாவது விதி போட்டிருக்கிறதா? இல்லை! 2023-ல் சிறிய சேனல்களுக்காக ஒரு கீழ்ப்படியை வைத்தார்கள். 500 சந்தாதாரர், வருஷத்தில் 3 ஆயிரம் மணி நேரம். அவற்றோடு இன்னொரு நிபந்தனை: 90 நாளில் 3 படம். அதாவது மாதம் ஒன்று! இந்தப் படியில் விளம்பரப் பங்கு கிடைக்காது. பார்ப்பவர்களே பிரியப்பட்டுக் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். இன்னொரு விதியும் இருக்கிறது. 6 மாதம் ஒன்றுமே போடாமல் சும்மா கிடந்தால், சேனலுக்கு வருகிற காசை நிறுத்திவிடக் கம்பெனிக்கு அதிகாரம் உண்டு.

மாதம் ஒன்று, 6 மாதம் தூங்கக் கூடாது. கம்பெனி கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அக்கம்பக்கத்தார் சொன்னது.

தினம் ஒரு படம், 5 ஆயிரம் நாள்

தினமும் செய்து ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். பெரிய உதாரணம் அமெரிக்காவில் உள்ள மைக் விங்கெல்மன். "பீப்பிள்" என்ற புனைபெயரில் கம்ப்யூட்டரில் சித்திரம் வரைகிறவர்.

2007 மே 1-ந்தேதி ஒரு சித்திரம் வரைந்து இன்டர்நெட்டில் போட்டார். மறுநாள் ஒன்று. அதற்கு மறுநாள் ஒன்று. ஒரு நாளும் விடவில்லை. இப்படி 5 ஆயிரம் நாள்! அந்த 5 ஆயிரம் சித்திரங்களையும் சேர்த்து ஒரே படமாக்கி, 2021 மார்ச் மாதம் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனி ஏலம் விட்டது. 6 கோடியே 93 லட்சம் டாலருக்குப் போயிற்று. அன்றைய மதிப்பில் சுமார் 500 கோடி ரூபாய்.

இந்தக் கதையைச் சொல்லித்தான் பல இளைஞர்களைத் தூண்டுகிறார்கள். நான் இதை முழுதாக நம்பச் சொல்லமாட்டேன். அந்த 2021-ல் கம்ப்யூட்டர்ச் சித்திரங்களை ஏலம் எடுப்பது ஒரு மோகமாக இருந்தது. மறு வருஷமே அந்தச் சந்தை சரிந்துவிட்டது. 5 ஆயிரம் நாள் உழைப்பு அவருக்குக் கைத்திறமையைக் கொடுத்தது, பெயரைக் கொடுத்தது. 500 கோடியைக் கொடுத்ததில் அந்த வருஷத்துக் காற்றுக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு சித்திரம் வரைய அறையும் கம்ப்யூட்டரும் போதும். சொந்த வாழ்க்கையையே படம் பிடித்துப் போடுகிறவர்கள் கதை அப்படி அல்ல.

19 வயதில் அலுப்பு

கனடா நாட்டில் எல் மில்ஸ் என்ற பெண். பள்ளிப் பருவத்திலேயே தன் வீட்டு வேடிக்கைகளைப் படமாக்கிப் போட்டார். பெரிய பெயர். லட்சக்கணக்கான சந்தாதாரர்கள்.

2018 மே மாதம் அவர் ஒரு படம் போட்டார். "19 வயதிலேயே எரிந்து தீர்ந்துவிட்டேன்" என்பது போன்ற தலைப்பு. ஆசைப்பட்டது எல்லாம் கிடைத்தும் மனம் ஏன் இப்படி ஒடிந்துபோகிறது என்று அதில் அழுகிறார். அந்தப் படத்தை அவரைப் போன்ற தொழில் செய்யும் பலரும் பார்த்தார்கள். "எனக்கும் இப்படித்தான்" என்று அந்த வருஷம் ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஓய்வு எடுக்கலாமே என்றால், எல்லாருக்கும் ஒரே பயம். இரண்டு வாரம் நின்றால் எந்திரம் நம்மை மறந்துவிடுமே!

எந்திரம் என்பது என்ன? எந்தப் படத்தை யாருக்குக் காட்டுவது என்று மனிதர் உட்கார்ந்து முடிவு செய்வதில்லை. கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. போனமுறை எதைப் பார்த்தீர்கள், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்று கணக்கு வைத்து அடுத்ததை நீட்டுகிறது. அதற்குக் கோபமும் கிடையாது, தயவும் கிடையாது. ஆனால் படம் போடுகிறவர்கள் அதைக் கிராமத்து எல்லைச்சாமி மாதிரி நினைத்துப் பயப்படுகிறார்கள். படையல் ஒரு நாள் தவறினால் கண்ணைக் குத்திவிடும் என்கிற பயம்!

யூடியூப் கம்பெனித் தலைவியாக இருந்தவர் சூசன் வோஜ்சிக்கி. 2024-ல் காலமானார். அவர் 2019 நவம்பரில் படம் போடுகிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். சில நாள் முதல் சில மாதம் வரை ஓய்வு எடுத்தவர்களின் கணக்கைக் கம்பெனி எடுத்துப் பார்த்ததாம். திரும்பி வந்தபோது, போவதற்கு முன் இருந்ததைவிட அதிகம் பேர் பார்த்தார்கள் என்பதே சராசரிக் கணக்கு. ஆகவே ஓய்வு எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்.

சராசரி என்றால் எல்லாருக்கும் அப்படியே நடந்தது என்று அர்த்தம் அல்ல. சிலருக்குக் குறைந்தும் இருக்கும். ஆனாலும் எல்லைச்சாமி பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

சிவப்புச் சட்டைக்காரர்

எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்துக்காரர் டாம் ஸ்காட். இவர் தினமும் போடவில்லை. வாரம் ஒன்று. அவ்வளவுதான்.

உலகத்தில் எங்காவது விசித்திரமான பாலம் இருக்கும், விசித்திரமான சட்டம் இருக்கும், மொழியில் ஒரு விநோதம் இருக்கும். அங்கே போய் நின்றுகொண்டு 5 நிமிஷம், 10 நிமிஷம் விளக்கிச் சொல்வார். பெரும்பாலும் அதே சிவப்புச் சட்டை. 2014 ஜனவரியில் தொடங்கி வாரம் தவறாமல் 10 வருஷம். 500 வாரத்துக்கு மேல்! 60 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் சந்தாதாரர் ஆனார்கள்.

2024 ஜனவரி 1-ந்தேதி அவரே வந்து சொன்னார்: பத்து வருஷம் ஆகிவிட்டது, இனி வாரப் படம் கிடையாது. சொல்லிவிட்டு நிறுத்தினார். எங்கே போனார் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

வாக்குக் கொடுக்கும்போதே தாங்குகிற அளவுக்குக் கொடுத்தார். கொடுத்தபடி நடந்தார். முடிக்கும்போது நாள் சொல்லி முடித்தார். நம் ஊர் வாசகர்களுக்கு இது புதிது அல்ல. தினத்தந்தியில் கன்னித்தீவு படக்கதை 1960-ல் தொடங்கியது. காலையில் பேப்பர் வந்ததும் அதை முதலில் பார்த்த குழந்தைகள் தாத்தா பாட்டி ஆகிவிட்டார்கள். ஒரு நாளைக்குச் சில கட்டங்கள்தான். அதற்கு மேல் ஆசிரியரும் கொடுக்கவில்லை, வாசகரும் கேட்கவில்லை.

வயல்வெளிச் சமையல்

புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்ன வீரமங்கலம் என்ற கிராமம். அங்கே ஒரு தாத்தாவும் பேரன்மாரும் சேர்ந்து 2018-ல் சமையல் சேனல் தொடங்கினார்கள். "வில்லேஜ் குக்கிங் சேனல்" என்று பெயர். தாத்தா பெயர் பெரியதம்பி.

இவர்களுடைய படம் ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அடுத்தது எப்படி இருக்கும் என்று தெரியும். வயல்வெளியில் அடுப்பு. பெரிய அண்டா. சாமான்களை ஒவ்வொன்றாகக் கையில் தூக்கி உரக்கப் பெயர் சொல்வார்கள். அம்மியில் அரைப்பார்கள். ஊருக்கே ஆகும் அளவுக்குச் சமைத்து, தாங்களும் வயிறார உண்டு, வயதானவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பரிமாறுவார்கள். ஒருமுறை கோழி, ஒருமுறை மீன், ஒருமுறை காளான். பதார்த்தம் மாறும், முறை மாறாது.

2021-ல் 1 கோடிச் சந்தாதாரர்! தமிழ்ச் சேனல்களில் அந்த எண்ணிக்கையை முதலில் தொட்டது இதுதான். அந்த வருஷமே முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சமையலில் கலந்துகொண்டதும் 2021 ஜனவரியில்தான். மறு வருஷம் "விக்ரம்" சினிமாவில் தலைகாட்டினார்கள். அவ்வளவு பெயர் வந்தும் அடுப்பு வயலை விட்டு நகரவில்லை. கண்ணாடி போட்ட குளிர்சாதன அறையில் அவர்கள் சமைத்திருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

ஒரே இரவில் போனது

விடாமல் செய்தும், செய்கிற இடமே போய்விட்டால்?

2020 ஜூன் 29-ந்தேதி மத்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அதில் ஒன்று டிக்டாக். இந்தியாவில் சுமார் 20 கோடிப் பேர் அதில் இருந்தார்கள். தினம் 5, 10 படம் போட்டுச் சேர்த்த கூட்டம் பலருக்கு ஒரே இரவில் இல்லாமல் போயிற்று.

9 நாள் கழித்து ஜூலை 8-ந்தேதி, இன்ஸ்டாகிராம் கம்பெனி அதே மாதிரி குட்டிப் படங்களுக்கு இந்தியாவில் இடம் திறந்தது. பலர் அங்கே போனார்கள். சிலரை மட்டும் ஜனங்கள் தேடிப் பிடித்துப் பின்தொடர்ந்தார்கள். யாரை? "இன்னார், இன்ன விஷயம் சொல்கிறவர்" என்று முகமும் காரியமும் மனதில் நின்றவர்களை. அன்றன்று பிரபலமான பாட்டுக்கு வாயசைத்தவர்களில் பலரைத் தேட அடையாளமே இருக்கவில்லை. தினமும் போட்டவர்கள்தான் அவர்களும்!

சொன்ன சொல் மாறுவதால் கெட்ட பெயர்களும் உண்டு. நேற்று வரை "முகத்துக்குக் கடலை மாவும் மஞ்சளும் போதும்" என்று சொன்ன பெண்மணி, இன்று 600 ரூபாய் கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்தால் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என மத்திய அரசு 2023 ஜனவரியில் நெறிமுறை வெளியிட்டது. ஜனங்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்கு 2019-ம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை.

பெயர் யாருடையது?

இனி லீ ஜிச்சி விஷயத்துக்கு வருவோம். அவர் ஏன் 3 வருஷம் ஒதுங்கினார்? அலுப்பினால் அல்ல. வழக்கினால்.

ஆரம்பத்தில் தனியாகப் படம் எடுத்தவருக்கு, பிறகு ஹாங்சௌ நகரத்துக் கம்பெனி ஒன்று கூட்டாளி ஆயிற்று. வெய்நியான் என்று அதன் பெயர். இருவரும் சேர்ந்து ஏற்படுத்திய ஸ்தாபனத்தில் கம்பெனிக்கு நூற்றுக்கு 51 பங்கு. அவருக்கு 49. அவர் பெயரைப் போட்டு நூடுல்ஸ் முதலிய தின்பண்டங்கள் கடைகடையாக விற்றன. மண்ணைக் கொத்தியவர் அவர். படத்தில் இருந்தது அவர் கை, அவர் பாட்டி. ஆனால் "லீ ஜிச்சி" என்ற அந்த வியாபாரப் பெயரின் கடிவாளம் கம்பெனியிடம் இருந்தது! 2021-ல் வழக்குக்குப் போனார்கள். 2022 டிசம்பரில் சமரசம் ஆயிற்று. ஸ்தாபனத்தில் அவருடைய பங்கு 99 ஆக உயர்ந்தது.

சமரசம் ஆன மறுநாளே அவர் படம் போட ஓடிவரவில்லை. இன்னும் கிட்டத்தட்ட 2 வருஷம் பாட்டியோடு இருந்தார். பழைய கைத்தொழில் தெரிந்தவர்களிடம் போய்க் கற்றார். கூட்டம் அப்படியே இருந்தது. தினமும் அவர் வருவார் என்று அந்தக் கூட்டம் ஒருநாளும் எதிர்பார்த்ததில்லை. விதை போட்டு, அது காய்த்து, பிறகு சமைக்கிறவர் அவர் என்று அதற்குத் தெரியும். வரும்போது அரைகுறையாக வரமாட்டார் என்பதுதான் நம்பிக்கை. அந்த ஒன்றில் அவர் தவறவில்லை.

நம் பிள்ளைகளும் சேனலுக்குப் பெயர் வைக்கிறார்கள். அது நாலு பேருக்குத் தெரிந்ததும், "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ படம் மட்டும் எடு" என்று யாராவது ஒப்பந்தக் காகிதத்தோடு வருவார்கள். கையெழுத்துப் போடுமுன் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சேனலின் ரகசியக் குறிச்சொல் யாரிடம் இருக்கும்? பெயர் யார் பேரில் பதிவாகும்?

பெயரைப் பதிவு செய்வது பெரிய காரியம் அல்ல. சென்னையில் கிண்டியில் வர்த்தகச் சின்னப் பதிவு அலுவலகம் இருக்கிறது. நேரில் போக வேண்டியதில்லை. இன்டர்நெட் மூலமே மனுப் போடலாம். தனி ஆளாக இருந்தால் ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய் அரசுக் கட்டணம். வேறு யாரும் முன்பே அதே பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவாகிவிட்டால் 10 வருஷத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.